மருத்துவர் பதில்கள்: கருவில் தெரியும் சிறுநீரக வீக்கம்

ஐந்தாம் மாதத்தில் அனாமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் ஸ்கேன்) எடுப்பது வழக்கமாகிவிட்ட பிறகு, ‘குழந்தையின் கிட்னியில் வீக்கம் இருப்பதாக ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள்’ என்று தொடங்கும் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றில் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம்; 21ஆவது வாரம் நடக்கிறது. ஸ்கேன் அறிக்கையில், குழந்தையின் இடது சிறுநீரகத்தில் ‘மைல்டு பெல்வியெக்டேசிஸ், 5.5 மி.மீ.’ என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். நான் தண்ணீர் சரியாகக் குடிக்காததுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார். பிறந்த பிறகு குழந்தைக்கு டயாலிசிஸ் தேவைப்படுமோ என்று நினைத்து எனக்கு இரவில் தூக்கமே இல்லை. என்ன செய்ய வேண்டும், டாக்டர்?
— வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் டயாலிசிஸ் என்ற அச்சத்தை ஒதுக்கி வையுங்கள், சகோதரி. ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் 5.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தெரியும் விரிவு அந்தத் திசைக்கே போவதில்லை. இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருப்பதாகவும், பனிக்குட நீர் போதிய அளவில் இருப்பதாகவும் அதே அறிக்கையில் எழுதியிருப்பதை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு அந்த இரண்டு வரிகள்தான், 5.5 என்ற எண்ணைவிட, முக்கியமானவை.

சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர், அதன் நடுவில் புனல்போல் அமைந்த ஒரு பகுதியில் சேர்ந்து, அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. இந்தப் புனலைத்தான் மருத்துவர்கள் ரீனல் பெல்விஸ் என்கிறார்கள். அதன் முன்பின் விட்டத்தை ஸ்கேனில் அளந்து, வயதுக்குரிய எல்லையைத் தாண்டினால் ‘விரிவு’ (பெல்வியெக்டேசிஸ்) என்று எழுதுகிறார்கள். 28 வாரத்துக்கு முன்பு 4 மி.மீ. வரையிலும், 28 வாரத்துக்குப் பிறகு 7 மி.மீ. வரையிலும் இயல்பாகக் கொள்ளப்படுகிறது. 2014இல் பல துறை மருத்துவர்கள் கூடி உருவாக்கிய யு.டி.டி. (சிறுநீர்ப் பாதை விரிவு) என்ற வகைப்பாட்டின்படி, உங்கள் குழந்தைக்கு இருப்பது ஏ1, அதாவது குறைந்த அபாயப் பிரிவு. ஆகவே அறிக்கையில் இருப்பது ஓர் அளவுதான். நோயின் பெயர் அன்று. வழியில் எங்கோ அடைப்பு இருப்பதாலும் அந்த அளவு கூடலாம்; சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்புவதாலும் கூடலாம்; எந்தக் காரணமும் இல்லாமல், வளரும் குழாய்களின் நெகிழ்ச்சியாலும் கூடலாம். கடைசியாகச் சொன்னதே மிகுதி. நூறு கர்ப்பங்களில் ஒன்றிலிருந்து ஐந்து வரை இப்படி ஒரு விரிவு கண்டறியப்படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது பிரசவத்துக்கு முன்போ, பிறந்த ஓரிரு ஆண்டுகளிலோ தானாகவே சரியாகிவிடுகிறது.

தண்ணீரைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நீங்கள் குறைவாகக் குடித்ததால் இது வரவில்லை. அதிகமாகக் குடிப்பதால் போகப்போவதும் இல்லை. குங்குமப்பூ, கிரகணம், பயணம், நீங்கள் சாப்பிட்ட இரும்புச்சத்து மாத்திரை ஆகிய எதற்கும் இதில் பங்கு கிடையாது. கருவிலிருக்கும் குழந்தையும் சிறுநீர்ப்பையை நிரப்பிக் காலி செய்துகொண்டேதான் இருக்கிறது. பை நிறைந்திருக்கும் நேரத்தில் அளந்தால், விரிவு சற்றுக் கூடுதலாகத் தெரியக்கூடும். அதனால்தான் சில ஸ்கேன் மையங்களில் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லி மீண்டும் அளக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லத் தயங்கினால், இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே: 32 வாரம் அளவில் இன்னொரு ஸ்கேன். அதில் அளவு 7 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலும் கவலை முடிந்தது. ஆனாலும் பிறந்த முதல் வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

கேள்வி: என் மனைவிக்கு 20 வாரம். ஸ்கேனில் இரண்டு பக்கமும் 4.5 மி.மீ. விரிவு இருக்கிறது, வேறு குறை எதுவும் இல்லை. இது டவுன் சிண்ட்ரோமின் அறிகுறி என்றும், வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றும் தெரிந்த ஒருவர் சொன்னார். உண்மையா?
— வாசகர், வேலூர்

பதில்: அரை உண்மை. டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் இந்த விரிவு சற்று அதிகமாகக் காணப்படுகிறது. ஆனால் இதைக் காணும் கருக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை. வேறெந்த மாறுபாடும் இல்லாமல் இது தனித்து இருக்கும்போது, அபாயம் மிகச் சிறிதளவே கூடுகிறது. மூன்றாம் மாதத்தில் கருவின் பின்கழுத்து நீர்த் தடிமனை அளக்க எடுத்த என்.டி. ஸ்கேனும் அதனுடன் சேர்ந்த இரத்தப் பரிசோதனையும் ‘குறைந்த அபாயம்’ என்று சொல்லியிருந்தால், இந்த ஒன்றுக்காக மட்டும் ஊசிப் பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் பரிசோதனைகளைச் செய்யாமல் விட்டிருந்தால், அல்லது மனைவியின் வயது 35ஐத் தாண்டியிருந்தால், தாயின் இரத்தத்திலிருந்தே செய்யப்படும் என்.ஐ.பி.டி. என்ற குரோமோசோம் பரிசோதனை பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள். தெரிந்தவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளலாம்; ஊசியை அவர் சொல்லி முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: 32 வாரத்தில் எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 14 மி.மீ. என்று வந்திருக்கிறது. வீக்கம் மேலும் பெருகிச் சிறுநீரகம் கெடுவதற்குள் சிசேரியன் செய்து குழந்தையை வெளியே எடுத்துவிட்டால், உடனே வைத்தியம் பார்க்கலாமே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
— வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம். பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எட்டாம் மாதத்தில் எடுத்தால், சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போய் நுரையீரலைச் சிக்கலில் மாட்டுவதாகத்தான் முடியும். கருவில் இருக்கும்வரை குழந்தையின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேலையைத் தாயின் நஞ்சுக்கொடியே செய்கிறது. ஒரு பக்கச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தாலும், அங்கே குழந்தைக்கு எந்தக் கேடும் சேராது. மேலும், ஒரு பக்க வீக்கத்துக்குப் பிறந்த முதல் நாளே அறுவை சிகிச்சை செய்யும் வழக்கமும் கிடையாது. அவசரப்பட்டு வெளியே எடுத்தாலும், காத்திருக்கத்தான் போகிறீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகச் சிசேரியனும் தேவையில்லை. மற்றவை சரியாக இருந்தால், நிறைமாதத்தில் சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கலாம்.

14 மி.மீ. என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், கருவில் லேசான விரிவு இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கும், நடுத்தர விரிவு இருந்தவர்களில் சுமார் 45 பேருக்கும், கடுமையான விரிவு இருந்தவர்களில் சுமார் 88 பேருக்கும் பிறந்த பிறகு உண்மையான சிறுநீரகக் கோளாறு உறுதியானது. உங்கள் குழந்தை நடுப்பிரிவில் இருக்கிறது. இடது பக்கம் மட்டும், குழாய் விரியாமல் புனல் மட்டும் விரிந்திருக்கிறது என்பதால், புனலும் குழாயும் சேரும் இடத்தில் குறுகல் இருக்கலாம் என்பதே முதலில் எழும் ஐயம். இந்தக் குறுகல் இடது பக்கத்தில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன்பே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரையோ, குழந்தைகள் சிறுநீரக மருத்துவரையோ ஒரு முறை சந்தித்து, பிறந்த பிறகு எந்தெந்தத் தேதியில் என்னென்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குச் சென்னையில் ஸ்கேன் எடுத்தபோது, குழந்தைக்கு வலது சிறுநீரகம் 9 மி.மீ. வீங்கியிருப்பதாகச் சொன்னார்களாம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அழைத்து வந்தோம். பிரசவம் இங்கேதான் நடந்தது. பேரன் பிறந்த இரண்டாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நாற்பது நாள் ஆகிறது. நன்றாகத் தாய்ப்பால் குடிக்கிறான், நன்றாகச் சிறுநீர் போகிறான், எடையும் ஏறியிருக்கிறது. மருமகன் மட்டும் இன்னொரு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பச்சைக் குழந்தையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்?
— ஒரு பாட்டி, மன்னார்குடி

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொல்வதே சரி. இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

பிறந்த முதல் இரண்டு நாட்களில் குழந்தை குடிக்கும் பாலும் குறைவு, உருவாகும் சிறுநீரும் குறைவு. அந்த நேரத்தில் எடுக்கும் ஸ்கேனில், உண்மையிலேயே அடைப்புள்ள சிறுநீரகம்கூட வற்றிப்போய் இயல்பாகத் தெரியக்கூடும். அதனால்தான், அவசரக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், 48 மணி நேரம் கழிந்த பிறகு, ஒரு வாரத்துக்குள் முதல் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பக்கமும் கடுமையான வீக்கம், பனிக்குட நீர் குறைவு, இருப்பதே ஒரு சிறுநீரகம், ஆண் குழந்தைக்குச் சிறுநீர் சொட்டுச்சொட்டாக மட்டும் வருவது போன்றவையே அவசரக் காரணங்கள். உங்கள் பேரனுக்கு அவை எதுவும் இல்லை. ஆனால் அவனுக்கு எடுத்த ஸ்கேன் மிக முன்கூட்டியே எடுக்கப்பட்டது. சரியான நாளில் எடுத்து இயல்பாக இருந்திருந்தாலும், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் இரண்டாவது ஸ்கேன் அவசியம். இரண்டும் இயல்பாக இருந்தால்தான் கோப்பினை மூடலாம்.

சிறுநீர் நன்றாகப் போகிறான் என்பதும் இதில் ஆறுதல் தருவதில்லை. ஒரு பக்கம் முழுவதுமாக அடைத்துக்கொண்டாலும், மறுபக்கச் சிறுநீரகம் தேவையான அளவு சிறுநீரைத் தந்துவிடும். குழந்தை கொழுகொழுவென்று வளரும். அழாது, வலி என்று காட்டாது. பிறகு ஆண்டுகள் கழித்து வயிற்று வலி என்று வரும்போது, அந்தச் சிறுநீரகம் வெறும் பையாக மாறியிருப்பதைக் காண்கிறோம். கருவில் இதைக் கண்டறிவதால் கிடைக்கும் பயனே அந்த நிலையைத் தவிர்ப்பதுதான். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் பயந்துபோன பெற்றோரைவிட, குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயம் தெளிந்த பெற்றோரைக் குறித்தே எனக்குக் கவலை அதிகம்.

இதற்கு நம் வழக்கமும் ஒரு காரணமாகிவிடுகிறது. ஸ்கேன் புகுந்த வீட்டு ஊரில், பிரசவம் தாய்வீட்டு ஊரில், அதன்பின் தடுப்பூசி மூன்றாவது ஓர் ஊரில் என்று குழந்தை இடம் மாறும்போது, ஐந்தாம் மாத அறிக்கை ஏதோ ஒரு பீரோவில் தங்கிவிடுகிறது. தடுப்பூசி போடும் மருத்துவருக்குக் குழந்தையின் சிறுநீரகம் பற்றி யாரும் சொல்வதில்லை. மகளிடம் கேட்டு எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் வரவழைத்து, தடுப்பூசி அட்டையுடன் சேர்த்துப் பின் போட்டு வையுங்கள். அட்டையின் முதல் பக்கத்திலேயே ‘கருவில் வலது சிறுநீரக விரிவு’ என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. இரண்டாவது ஸ்கேன் முடிந்து மருத்துவர் பயமில்லை என்று சொல்லும்வரை, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் சளி, உரம், திருஷ்டி என்று வீட்டில் நாளைக் கடத்தக் கூடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றாலே அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரக விரிவு உள்ள குழந்தை என்றால், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் சிறுநீர்க் கல்ச்சருக்கு (கிருமி உண்டா என்று பார்க்கும் சோதனைக்கு) மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பால் குடிக்க மறுப்பது, காரணமில்லாத வாந்தி, எடை ஏறாமை ஆகியவையும் சிறுநீர்த் தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். ‘கிட்னி சுத்தமாகும்’ என்று சங்கில் தண்ணீரோ, உரைமருந்தோ, வாழைத்தண்டுச் சாறோ புகட்ட வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும்.

கேள்வி: என் மனைவிக்கு 23 வாரம். குழந்தையின் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருக்கின்றன. சிறுநீர்ப்பை மிகப் பெரியதாக இருக்கிறது. பனிக்குட நீர் குறைந்துகொண்டே வருகிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வயிற்றுக்குள்ளேயே குழாய் வைக்கும் சிகிச்சை இருப்பதாகக் கேள்விப்பட்டோம். கருவைக் கலைப்பது பற்றியும் பேசினார்கள். இது ஆண் குழந்தைக்குத்தான் வரும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு வழி தெரியவில்லை.
— வாசகர், இராமநாதபுரம்

பதில்: மற்றக் கடிதங்களுக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்கு அப்படியே சொல்ல முடியாது. நீங்கள் விவரித்திருப்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையிலேயே தடை இருப்பதைக் காட்டுகிறது. நான்காம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது வெளியேறாவிட்டால் நீர் குறைகிறது. நீர் குறைந்தால் குழந்தையின் நுரையீரல் விரிந்து வளர இடமில்லாமல் போகிறது. பிறந்தவுடன் உயிருக்கு ஆபத்தாக அமைவது பல நேரங்களில் சிறுநீரகக் குறையைவிட இந்த நுரையீரல் குறைதான்.

குழந்தையின் சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு ஒரு சிறு குழாய் வைக்கும் சிகிச்சை உண்டு. கருநிலை மருத்துவ நிபுணர்கள் உள்ள சில பெரிய மையங்களில் மட்டுமே அதைச் செய்கிறார்கள். பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த புளூட்டோ என்ற ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. போதிய தாய்மார்கள் சேராததால், 31 பேருடன் அது நிறுத்தப்பட்டது. குழாய் வைக்கப்பட்ட 16 குழந்தைகளில் 8 பேரும், வைக்கப்படாத 15 குழந்தைகளில் 4 பேரும் பிறந்து 28 நாட்களைக் கடந்தார்கள். ஆனால் இரண்டு வயதில் சிறுநீரகம் இயல்பாக இயங்கியவர்கள் இரண்டே பேர். குழாய் உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்தை அது மீட்டுத் தருவதில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். நீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது, சிறுநீரகத் திசு ஸ்கேனில் எப்படித் தெரிகிறது, வேறு குறைகள் உண்டா என்பவற்றைப் பார்த்தே உங்கள் குழந்தைக்கு இது பொருந்துமா என்று சொல்ல முடியும்.

நாள் குறைவாக இருப்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, கருவுக்குக் கடுமையான குறை இருக்கும் அபாயம் உண்டு என்ற நிலையில், 24 வாரம்வரை இரண்டு மருத்துவர்களின் கருத்துடன் கருவைக் கலைக்கலாம். அதற்குப் பிறகு அரசு அமைக்கும் மருத்துவக் குழு ஒப்புதல் தர வேண்டும். இந்த வாரத்திலேயே கருநிலை மருத்துவரையும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரையும் சேர்ந்து சந்தியுங்கள். மதுரையிலோ சென்னையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உங்கள் மருத்துவரிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். முடிவு உங்கள் மனைவியுடையது. தொடர்வது என்று அவர் தீர்மானித்தால், பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும். பிறந்தவுடன் மெல்லிய கதீட்டர் வைத்துச் சிறுநீரை வடித்து, குழந்தை தேறிய பிறகு உள்நோக்கிக் கருவி வழியாகத் தடையை நீக்குவார்கள். அதன்பிறகும் சிறுநீரகம், சிறுநீர்ப்பை இரண்டையும் பெரியவனாகும்வரை கண்காணிக்க வேண்டியிருக்கும்.

ஆணா பெண்ணா என்பதை இந்த நோயை வைத்து ஊகிக்க வேண்டாம். சிறுநீர் வெளியேறும் பாதையில் சவ்வுபோல் அமையும், வால்வு எனப்படும் தடை ஆண் குழந்தைகளுக்கு வருவதுதான். ஆனால் ஸ்கேனில் இதே தோற்றத்தைத் தரும் வேறு குறைபாடுகள் பெண் குழந்தைகளுக்கும் வருகின்றன. பாலினத்தைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், மருத்துவரை அந்தக் கேள்வியால் நெருக்கவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு மாதம். கருவிலேயே தெரிந்த இடது பக்க வீக்கம் இப்போது 24 மி.மீ. ரெனோகிராம் (மருந்தை ஊசி வழியாகச் செலுத்திச் சிறுநீரகத்தின் வேலையை அளக்கும் சோதனை) எடுத்ததில், இடது சிறுநீரகம் 36 சதவீதம்தான் வேலை செய்கிறது, மருந்து வடியவில்லை என்று வந்திருக்கிறது. பைலோபிளாஸ்டி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். ஒரு வயது ஆகட்டும் என்று தள்ளிப்போடலாமா? மாத்திரையிலோ சித்த மருத்துவத்திலோ சரியாகாதா?
— பெற்றோர், நாமக்கல்

பதில்: தள்ளிப்போட வேண்டாம். இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய சரிபாதியாக வேலையைப் பகிர்ந்துகொள்வதே இயல்பு. ஒரு பக்கத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சிறுநீர் பெருக்கும் ஊசி போட்ட பிறகும் மருந்து வடியாமல் தேங்கினால், அடைப்பு உண்மையானது என்று பொருள். குறுகிய இடம் பிறவியிலேயே அப்படி அமைந்துவிட்டதால், எந்த முறையின் மருந்தும் அதை அகலப்படுத்தாது. 40க்கு மேல் இருந்து, அடுத்தடுத்த பரிசோதனைகளில் குறையாமலும் இருந்தால் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். அப்படிக் காத்திருக்கும் குழந்தைகள் பலர் கத்தி படாமலே தேறிவிடுகிறார்கள். உங்கள் மகளின் நிலை அதுவன்று.

பைலோபிளாஸ்டி என்பது குறுகிய துண்டை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல குழாயைப் புனலுடன் அகலமாக இணைத்துத் தைப்பது. ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1949இல் விவரித்த முறையே இன்றும் அடிப்படை. திறந்து செய்தாலும், லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்தாலும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. கட்டணம் கவலையாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்பதை மருத்துவமனையில் உள்ள அத்திட்டத்தின் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

அறுவை முடிந்து எடுக்கும் முதல் ஸ்கேனிலும் வீக்கம் தெரியும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். நெடுநாள் விரிந்திருந்த புனல் சுருங்கப் பல மாதங்கள் ஆகும். சிலருக்குச் சிறிதளவு விரிவு நிலையாகவே தங்கிவிடும். வடிகிறதா, வேலைப்பங்கு குறையாமல் இருக்கிறதா என்பதைச் சில மாதங்கள் கழித்து எடுக்கும் ரெனோகிராம் சொல்லும். தையல் ஆறும்வரை உள்ளே வைக்கும் ஸ்டென்ட் குழாயைப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத வகை ஸ்டென்ட் என்றால், குழந்தை விளையாடத் தொடங்கியதும் அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு; மறந்த ஸ்டென்டின் மேல் கல் படியும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, அதை எடுக்கும் தேதியையும், அன்று பார்க்க வேண்டிய மருத்துவரின் பிரிவையும் சுருக்கக் குறிப்பில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.